வெள்ளி ஊக்கு

தூத்துக்குடி,
18-6-1940.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, ஞானபாய் எழுதுவது. கர்த்தர் காவலில் உயிரோடு இருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் கவலை.

மாமா கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் நாலு வார்த்தைதான் கொள்ளும், மிச்சத்தை நான்தான் எழுதவேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக் கப்பல் எப்போதும்போலத் தூரக் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. கரையிலிருந்து எங்களை லாஞ்சில் ஏற்றினார்கள். கொள்ளாத கூட்டம். கச்சான் காற்று கிளம்பும்போதே பலமாக இருந்தது. கப்பலின் புகைபோக்கி தெரிகிற தூரம் போனதும் ஒரு அலை பக்கவாட்டில் அடித்தது. எல்லாரும் அலறிக்கொண்டு ஒரே பக்கமாகப் பாய்ந்தார்கள், லாஞ்சு கவிழ்ந்துவிட்டது.

கிருபையும் நானும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் என் பக்கத்தில்தான் இருந்தாள். பிறகு இல்லை, அத்தான். மறுநாள்தான் கரை ஒதுங்கினாள். நீங்கள் அனுப்பிய நீலப் பட்டு அவள் உடம்பைச் சுற்றி அப்படியே இருந்ததாம். ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள். என்னை ஆஸ்பத்திரியிலிருந்து விடவில்லை, உங்கள் தங்கச்சி முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

எனக்கு உள்ளங்கையில் ஒரு காயம், வேறொன்றுமில்லை. கூரான ஏதோ ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். லாஞ்சின் ஆணியாக இருக்கும் என்றேன்.

மதுரையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். பெண்களில் பிழைத்தது நான் ஒருத்திதான் என்பதால் என்னிடம் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். மாமாவைக் கேட்காமல் சொன்னது தப்போ என்னவோ தெரியவில்லை. இனி ஏறுகிறவர்களுக்காவது உதவட்டும் என்று நினைத்தேன்.

மாமி இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. நீங்கள் சாப்பிடுங்கள்.

உங்கள்,
ஞானபாய்.


கொட்டாஞ்சேனை, கொழும்பு,
29-6-1940.

அன்புள்ள ஞானபாய்க்கு,

உன் கையெழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

அன்று நான் ஜெட்டியில் நின்றேன். கிருபையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரும் வந்து நின்றார்கள். கப்பல் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், நீங்கள் இல்லை. ஆபீஸ் பியூன் தந்தியை ஜெட்டிக்கே எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். மாப்பிள்ளையின் தாயார் கிருபைக்கு வைக்க வாங்கிய பூச்சரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்கள்.

ஜெட்டியில் காற்று அடிக்குமே, முந்தி விலகினால் பார்க்க வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான், கிருபைக்கு நீலப் பட்டை உடுத்தி, தோளில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று இரண்டு ஊக்குக் குத்திவிடச் சொல்லி உனக்கு எழுதினேன். எதற்குக் கவலைப்பட வேண்டுமோ அதற்குக் கவலைப்படாமல், எதற்கெல்லாமோ கவலைப்பட்டிருக்கிறேன்.

நீயாவது பிழைத்தாயே, எனக்கு அது போதும். கை ஆறியதும் வந்துவிடு. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, அடுப்பு போட்டாகிவிட்டது. அடுத்த மாதமே டிக்கட்டுக்கு ஏற்பாடு செய்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கிருபை கடைசியாக ஏதாவது சொன்னாளா? என்னை நினைத்தாளா? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது. யோசித்து எழுது.

பாலும் முட்டையும் தவறாமல் சாப்பிடு.

அன்புடன்,
செல்வதுரை.


மோசேபுரம்,
சாயர்புரம் வழி,
9-7-1940.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கை ஆறி வருகிறது. மாமா மாமி நடமாடுகிறார்கள், அவ்வளவுதான் சொல்லலாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். அழுததில் கொஞ்சம் பாரம் குறைந்தது.

நீங்கள் கேட்டதற்கு என்ன எழுத? தண்ணீர்ச் சத்தம், கூச்சல், ஒன்றும் காதில் விழவில்லை. கிருபை உங்களை நினைத்தாள். அதில் சந்தேகம் வேண்டாம்.

என்னைத் தூக்கியவர் தருவைகுளத்துச் சிலுவை. வள்ளத்தில் வந்தார். "பயப்படாத தாயி, மொகத்தத் திருப்பிக்கிட்டேன், இதச் சுத்திக்க" என்று பாய்த்துணியை என் பக்கம் எறிந்தார். கரைக்கு வந்ததும் அவர் சம்சாரம் இசபெல்லா தன் சேலையை எனக்கு உடுத்திவிட்டு, "ஏளா, குளிருதா?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த வார்த்தையை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

பத்திரிகையில் வந்துவிட்டது. யுத்தச் செய்திக்குக் கீழே, "சேலையை உதறி உயிர் தப்பிய மங்கை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: நனைந்த சேலை காலைச் சுற்றிக் கீழே இழுத்தது, அவிழ்த்து விட்டேன், மற்றவர்களையும் அவிழ்க்கச் சொல்லிக் கத்தினேன், யாரும் செய்யவில்லை. உள்பாவாடையும் சட்டையும் உடம்பில் இருந்தன என்பதையும் சொன்னேன். அதற்கு மட்டும் பத்திரிகையில் இடமில்லாமல் போய்விட்டது.

துக்கம் கேட்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, மாராப்பைப் பார்க்கிறார்கள். கிணற்றடியில் ஒருத்தி என் காதுபடவே, "அவுத்துட்டாளாமே! எம் மவ செத்தாலும் அதச் செய்யமாட்டா" என்றாள். அந்த மகள் பக்கத்தில் நின்றாள், ஏழெட்டு வயசு இருக்கும். அம்மா சொன்னதற்கு நன்றாகத் தலையை ஆட்டினாள்.

தூத்துக்குடிக் கடைக்காரர் ஆறுமுகநயினார் அண்ணாச்சியும் அதே லாஞ்சில் இருந்தார். வேட்டியைக் கடலில் விட்டுவிட்டுக் கோவணத்தோடு நீந்தி வந்தார். அவருக்குச் சங்கத்தில் மாலை போட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் இப்போது சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

டிக்கட் எப்போது என்று எழுதுங்கள். கடல் பயமில்லை. வந்துவிடுகிறேன்.

உங்கள்,
ஞானபாய்.


கொழும்பு,
24-7-1940.

ஞானபாய்க்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

பத்திரிகை இங்கேயும் வந்தது. ஆபீசில் தலைமைக் குமாஸ்தா எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். முடித்துவிட்டு, "சம்சாரம் நல்ல நீச்சல்காரி போலிருக்கே, மிஸ்டர் செல்வதுரை" என்றார். மேஜைக்கு மேஜை சிரித்தார்கள். நான் தலை குனிந்து என் வேலையைப் பார்த்தேன். உனக்கு நீச்சல் யார் கற்றுக்கொடுத்தது? கல்யாணப் பேச்சில் இதை யாரும் சொல்லவில்லை.

கோவிலில் பாட்டுக்கு எழுந்தால் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் போகும்போது, "உங்கள் தங்கச்சி நல்ல இடத்துப் பெண் என்று இப்போதுதான் தெரிகிறது" என்றார்கள். மற்றதைச் சொல்லவில்லை. சொல்லாதது எனக்குக் கேட்டது.

ஆபத்தில் ஆயிரம் நடக்கும், அதை நான் கேட்கவில்லை. நடந்ததைக் கடலோடு விடாமல் ஊர்பேர் தெரியாத ஒருவனிடம் ஏன் சொன்னாய்? உன்னை யார் கேட்டது?

நம் குடும்பம் என்ன குடும்பம் என்று தெரியும் அல்லவா? நம்மவர் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், எங்கள் தாத்தாவின் தாயார் திருவிதாங்கூர்ச் சீமையில் தோள்சேலை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனதற்காக, அதை நடுச்சந்தையில் கிழித்து எறிந்து அடித்தார்கள். அடிபட்டும் மறுநாள் போட்டுக்கொண்டு போனார்கள். அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் பிஷப் தலையில் கைவைத்துச் சபையில் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனை அன்று தோளில் வெள்ளி ஊக்குக் குத்திக்கொள்கிறார்கள். கிருபைக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். உனக்கு ஏன் குத்தத் தோன்றவில்லை?

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுது. நான் அப்படிச் சொல்லவில்லை, நிருபர் கட்டிச் சொன்னது, அலைதான் சேலையை இழுத்துப் போனது என்று நாலு வரி போதும். வந்ததும் எனக்கு அனுப்பு. டிக்கட்டை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

செல்வதுரை.


மோசேபுரம்,
2-8-1940.

அன்பு மகன் செல்வதுரைக்கு, உன் தகப்பன் தேவபிரசாதம் ஆசீர்வதித்து எழுதுவது. உன் தாய்க்கு இரவில் மூச்சு முட்டுகிறது, நாட்டு மருந்து கொடுக்கிறோம். எனக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

உன் மனைவியைச் சாத்தான்குளத்தில் அவள் தமையன் சத்தியராஜ் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நான் சபைக்கு உபதேசியாராக இருந்துகொண்டு, ஊர் வாயை எத்தனை நாள் பொறுப்பேன்? அவள் பாடம் நடத்தின பள்ளிக்கூடத்திலும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் பலகையில் கப்பல் படம் போட்டுப் பக்கத்தில் ஒரு சேலையும் போட்டு வைத்தார்களாம். வாத்தியார் துடைக்காமல் அவள் வந்து பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறார்.

மகள் மானத்தோடு போனாள், மருமகள் அதை விட்டுவிட்டு வந்தாள் என்று உன் தாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறாள். சொல்லும்போது அவளுக்கு ஒரு ஆறுதல் தெரிகிறது, நான் தடுக்கவில்லை.

போகும்போது அந்தப் பெண் அழவில்லை. கிருபையின் துணிப்பெட்டியைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தேவபிரசாதம்.


சாத்தான்குளம்,
20-8-1940.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகம். என் கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. மாமிக்கு மூச்சு முட்டுகிறது என்று கேள்விப்பட்டேன், இஞ்சிச்சாறு கொடுக்கச் சொல்லுங்கள்.

பத்திரிகைக்கு எழுதமாட்டேன். இதை உடனே சொல்லிவிடுவது நல்லது. அலை சேலையை இழுத்துப் போகவில்லை. நான்தான் அவிழ்த்தேன். அலை இழுத்தது என்று எழுதினால், அதைப் படிக்கிற பெண் பலகையைப் பிடித்துக்கொண்டு, அலை வந்து சேலையை அவிழ்க்கும் என்று காத்திருந்து செத்துப்போவாள்.

உள்பாவாடை இருந்ததையாவது எழுதச் சொல்லி அண்ணன் கெஞ்சினான். அதையும் எழுதமாட்டேன். பாவாடை இல்லாவிட்டாலும் அவிழ்த்திருப்பேன், அத்தான். எனக்கு உங்களிடம் வரவேண்டும் என்று இருந்தது. அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

நீச்சல் கேட்டீர்களே. அண்ணன் கற்றுக்கொடுத்தான், எங்கள் தோட்டத்துக் கிணற்றில். மறைக்க வேண்டிய விஷயம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

உங்கள் தாத்தாவின் தாயாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அந்த அம்மாளைப் பெரிதாக நினைக்கிறேன். அவர்கள் சேலை போட்டதற்கு அடிவாங்கினார்கள், நான் அவிழ்த்ததற்கு வாங்குகிறேன். அடித்தவர்கள் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். உன்னை யார் கேட்டது என்று.

கையெழுத்தில்லாத கார்டுகள் வருகின்றன. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார், முகத்தில் தெரிகிறது. ஒரு கார்டில், "அந்தச் செம்படவன் திருப்பிக்கொண்டது முகத்தையா?" என்று எழுதியிருந்தது. எழுத்து அழகாக இருந்தது, படித்த எழுத்து. என் அண்ணி அதை அடுப்பில் போட்டாள், போடுமுன் இரண்டு தடவை வாசித்தாள்.

ஒரே ஒருத்தி வந்தாள். தெற்குத்தெரு செல்லக்கனி. கிணற்றடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். அவள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை கொழும்பில். "டீச்சர், ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. மொதல்ல கொசுவத்த உருவணுமா, முந்தியவா?" என்றாள். கொசுவத்தை முதலில் உருவச் சொன்னேன், கால் விடுபட்டால்தான் மிதக்கலாம். ஊக்குக் குத்தக் கூடாது என்றேன். மகளையும் கூட்டிவரச் சொல்லி, கிணற்று மறைவில் மூன்று தடவை செய்து காட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டாள். பத்திரிகைக்குச் சொன்னது இதற்காகத்தான். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கூப்பிடுங்கள். கொழும்பில் யாரும் என்னைப் பார்க்கவேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறேன்.

உங்கள்,
ஞானபாய்.


சாத்தான்குளம்,
25-9-1940.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

சுகம். போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. யுத்தத்தால் தபால் தாமதம் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டுக்காரருக்குக் கொழும்பிலிருந்து வாராவாரம் கார்டு வருகிறது.

அதே பத்திரிகையில் வாசகர் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. உயிரை விடப் பெரியது ஒன்று பெண்ணுக்கு உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிழைத்தவள் வாயை மூடிக்கொண்டு பிழைத்திருக்கலாம் என்று இன்னொருவர். நிருபர் மறுபடி வந்து, பதில் சொல்லுகிறீர்களா, படத்தோடு போடுகிறேன் என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்துத்தான் சாத்தினேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

ஞானபாய்.


கொழும்பு,
14-10-1940.

ஞானபாய்க்கு,

நலம். மழை தொடங்கிவிட்டது. உன் கடிதங்கள் வந்தன.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். நம் ஊர்க் கோவிலில் கிருபைக்கு ஒரு சலவைக்கல் பதிக்கப்போகிறேன். இங்கேயே செதுக்கக் கொடுத்திருக்கிறேன். இங்குள்ள சபையார் விஷயத்தைக் கேட்டு மனம் உருகுகிறார்கள். ஆபீசிலும் சிரிப்பு நின்றுவிட்டது. தலைமைக் குமாஸ்தா என் கையைப் பிடித்து, "அப்படிப்பட்ட தங்கச்சி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும்" என்றார். வெளியே என்னால் மறுபடி தலை நிமிர்ந்து நடக்க முடிகிறது.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்று. எல்லாரையும் அவிழ்க்கச் சொல்லிக் கத்தினேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். பக்கத்திலிருந்த கிருபையிடமும் சொல்லியிருப்பாய். அவள் மறுத்திருப்பாள். மறுத்தாள் என்று உன் கையால் எழுதி அனுப்பு. கோவிலில் குருவானவர் அதை வாசிப்பார். பிழைத்தவளே சாட்சி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. உன்மேல் உள்ள பேச்சும் அதோடு அடங்கும்.

அது வந்தால் டிக்கட் அனுப்புகிறேன். இது என் வாக்கு.

நான் குத்தச் சொன்ன ஊக்கு வீண்போகவில்லை என்று நினைக்கும்போது எனக்குத் துக்கத்திலும் ஒரு பெருமை. அவள் கடைசியாகச் சொன்னது காதில் விழவில்லை என்று எழுதினாய். நான் அதை நம்பவில்லை.

செல்வதுரை.


சாத்தான்குளம்,
30-10-1940.

அத்தான் அவர்களுக்கு,

நீங்கள் நம்பாதது சரிதான். காதில் விழுந்தது. உங்களுக்கு எழுதக் கூடாது என்று இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தேன். இப்போது கல்லில் வெட்டப்போகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் பழைய நூல்சேலை சுலபமாக அவிழ்ந்துவிட்டது. உங்கள் பட்டு நனைந்ததும் கல்லாகக் கனத்தது. பலகை கிருபையின் பக்கமாகவே சாய்ந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. நான் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவள் தோள் ஊக்கைக் கழற்றப் போனேன். அவள் என் கையில் அடித்தாள். "வேண்டாம் மைனி, ஊக்கத் தொடாதிய. சேல போயிட்டா அண்ணன் ஏசுவாவ. ஜெட்டில எல்லாரும் நிப்பாவ" என்றாள். வாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அவள் ஜெட்டியில் நிற்கிறவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் விடவில்லை. ஊக்கு திறந்துகொண்டது. அவள் மறுபடி அடித்ததில் அது என் உள்ளங்கைக்குள் ஏறிவிட்டது. லாஞ்சின் ஆணி என்று உங்களுக்கு எழுதினேனே, அது இதுதான். முந்தி தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கக் கிருபை இரண்டு கையையும் பலகையிலிருந்து எடுத்தாள்.

அவ்வளவுதான், அத்தான். சிலுவையின் வள்ளம் வரும்போது பலகையில் நான் மட்டும் இருந்தேன். நான் ஊக்கைத் தொடாமல் இருந்திருந்தால் வள்ளம் வரும்வரை பிடித்திருப்பாளோ என்று தினமும் நினைக்கிறேன். பட்டு அவளை அதுவரை விட்டிருக்காது என்று உடனே தோன்றும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து நினைப்பேன்.

மானத்துக்காகச் செத்தாள் என்று எழுதச் சொல்லுகிறீர்கள். அவளுக்குக் கடல் பயமில்லை. உங்களுக்குப் பயந்தாள். பதினேழு வயசுப் பெண், நீங்கள் ஏசுவீர்களே என்று பயந்து செத்தாள். அப்போது நீங்கள் அவள் அருகில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "அவிழ்த்துப் போடு தாயி, உயிரோடு வா" என்று சொல்லியிருக்கமாட்டீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்றுதான் நான் இன்னும் நம்புகிறேன். அதை ஒரு வரி எனக்கு எழுதுங்கள். டிக்கட் வேண்டாம், அந்த வரி போதும்.

வள்ளத்தில் வைத்து நானே என் கையிலிருந்து பிடுங்கி, டாக்டருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்த ஊக்கு இதோடு இருக்கிறது. நீங்கள் வாங்கிக் கொடுத்தது. உங்களிடமே இருக்கட்டும்.

ஞானபாய்.


கொழும்பு,
12-12-1940.

ஞானபாய்க்கு,

நலம். கடிதமும் ஊக்கும் பத்திரமாகக் கிடைத்தன.

கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். என் தங்கச்சி கடைசி மூச்சில் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். இதை இத்தனை மாதம் என்னிடமிருந்து மறைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். பலகையைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக இருந்தவளின் ஊக்கில் நீ கை வைத்ததால்தான் அவள் பிடியை விட்டாள் என்று உன் வாயாலேயே வந்திருக்கிறது. இதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதமாட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மன்னிக்கப் பார்க்கிறேன், இன்னும் முடியவில்லை.

கல்லில் ஒரு வரி கூட்டச் சொல்லிவிட்டேன். இப்போது இப்படி இருக்கும்:

"கிருபை, வயது பதினேழு. ஆழ்கடலிலும் தன் சேலையைக் கைவிடாதவள். கடைசி மூச்சில் தன் அண்ணனை நினைத்தவள்."

அதன் கீழே கல்லைக் குடைந்து, ஊக்கை வைத்து, மேலே கண்ணாடி பதிக்கிறார்கள். அனுப்பியதற்கு நன்றி. உன் சாட்சிக் கடிதத்தில் கிருபை சொன்னதை மட்டும் குருவானவர் வாசிப்பார். மற்றது தேவையில்லை என்று நானே அந்த இடங்களை மை பூசி மறைத்து அனுப்பியிருக்கிறேன்.

பிரதிஷ்டை மாசி மாதம், திடப்படுத்தலுக்குப் பிஷப் வருகிற நாளில். நீ வரலாம், அப்பா ஒப்புக்கொண்டார். கடைசி வரிசையில் இரு. யாரிடமும் பேசாதே. டிக்கட்டைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். என் வாக்கு அப்படியே இருக்கிறது, காலம்தான் வரவில்லை.

குளிர் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்வதுரை.


சாத்தான்குளம்,
24-2-1941.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

பிரதிஷ்டை நன்றாக நடந்தது. ஆபீசில் லீவு கிடைக்காமல் நீங்கள் வரமுடியாதது எல்லாருக்கும் குறை. கல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஊக்கைத் துலக்கியிருக்கிறார்கள், அதில் என் இரத்தம் இருந்த இடம் தெரியவில்லை. மாமி கண்ணாடியை முந்தியால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

நீங்கள் சொன்னபடி கடைசி வரிசையில் இருந்தேன். என்னோடு அந்த வரிசையில் யாரும் இருக்கவில்லை.

திடப்படுத்தல் எடுத்த பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். முன்பு நம் வீட்டு வழக்கமாக இருந்தது இப்போது ஊர் வழக்கம் ஆகிவிட்டது. எல்லார் தோளிலும் ஊக்கு இருந்தது. தூத்துக்குடியில் வெள்ளி ஊக்குக் கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

கல்லைப் பார்க்க வெளியூர் ஆட்களும் வந்திருந்தார்கள். செல்லக்கனியும் அவள் மகளும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் முடிந்துவிட்டது, அடுத்த கப்பலில் புருஷனிடம் போகிறாள். கல்லுக்கு முன்னால் நிறுத்தி, தோளில், இடுப்பில், மார்பில் என்று செல்லக்கனி அவளுக்கு மூன்று ஊக்குக் குத்தினாள். பட்டுச்சேலை.

யாரிடமும் பேசாதே என்று எழுதியிருந்தீர்கள். பேசிவிட்டேன். வாசலில் அவர்களை மறித்து, "ஏளா, கிணத்தடியில சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கா? லாஞ்சில ஏறுமுன்ன ஊக்கைக் கழத்திரு" என்றேன். செல்லக்கனி என்னைத் தெரியாதவள்போல மகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது, கண்ணில் தெரிந்தது.

"போங்க டீச்சர்," என்றாள். "எங்க வீட்டுக்காரவ ஏசுவாவ."

நீங்கள் எழுதவேண்டிய ஒரு வரி இன்னும் வரவில்லை. இனிக் கேட்கமாட்டேன். மாமிக்கு மூச்சுமுட்டல் பரவாயில்லை. மாமா கால் வீக்கம் இறங்கிவிட்டது. இங்கே எல்லாரும் சுகம்.

ஞானபாய்.